போக ஐந்தரை, வர பதினைந்தரையா?

கேள்வி: லண்டனில் மகளுக்குப் பிரசவம். பிப்ரவரியில் நானும் வீட்டுக்காரரும் போகிறோம். சென்னையில் காலை 5.30க்குக் கிளம்பி, பகல் 11 மணிக்கு லண்டன் என்று டிக்கெட்டில் இருக்கிறது. மார்ச் முதல் வாரம் திரும்பும்போது பகல் 1 மணிக்குக் கிளம்பி, மறுநாள் விடியற்காலை 4.30க்குத்தான் சென்னை. ஒரே தூரம்தானே? நான் முட்டிவலிக்காரி. பதினைந்தரை மணி நேரம் எப்படி உட்கார்ந்திருப்பேன்?
– ஒரு வாசகி, வலங்கைமான்

பதில்: அம்மா, உங்களைப் பயமுறுத்துவது தூரம் இல்லை, கடிகாரம். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்புகிற ஊர்க் கணக்கு; இறங்கும் நேரம் இறங்குகிற ஊர்க் கணக்கு. குளிர்காலத்தில் லண்டன் கடிகாரம் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கி ஓடும். நீங்கள் அங்கே பகல் 11க்கு இறங்கும்போது வலங்கைமானில் மாலை 4.30. காலை 5.30லிருந்து எண்ணினால் 11 மணி நேரம். திரும்பும்போது அங்கே பகல் 1 என்றால் இங்கே மாலை 6.30, விளக்கேற்றும் நேரம். அதிலிருந்து விடியற்காலை 4.30 வரை 10 மணி நேரம்தான்.

அப்படியும் ஒரு மணி நேரம் உதைக்கிறதே என்பீர்கள். அது காற்றின் வேலை. சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் அது மணிக்கு 150 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். அரசலாற்றில் புதுத்தண்ணீர் வரும்போது எதிர்த்து நீந்திப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வரும்போது இழுப்போடு வருகிறீர்கள்.

தூரம் சுமார் 8,200 கி.மீ. சீட்டுக்கு முன்னால் உள்ள திரையில் விமானம் வளைந்து போவது தெரியும். சுற்றிக்கொண்டு போகிறான் என்று நினைக்காதீர்கள். ஒரு பூசணிக்காயில் இரண்டு புள்ளி வைத்து நூலை இழுத்துப் பிடியுங்கள். அதுதான் குறுக்குவழி. அதையே தட்டையான படத்தில் வரைந்தால் வளைவாகத்தான் வரும்.

என்னைக் கேட்டால், உங்களுக்குச் சிரமமான பயணம் வலங்கைமானிலிருந்து மீனம்பாக்கம் வரைதான். 5.30 விமானத்துக்கு ராத்திரி 2.30க்கே அங்கே இருக்க வேண்டும். அன்று ராத்திரி கும்பகோணத்தில் ரயில் ஏறினால் விடியும்போது எழும்பூரில் நிற்பீர்கள், விமானம் போயிருக்கும். முதல் நாள் காலையிலேயே கிளம்பி, தாம்பரம் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் காலை நீட்டிப் படுத்துவிட்டுப் போங்கள்.

முட்டிக்கு: நடைபாதை ஓரச் சீட்டாகக் கேளுங்கள், மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். வீல்சேருக்கும் இப்போதே சொல்லிவையுங்கள். இதில் வெட்கம் வேண்டாம், லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் நடை அதிகம்.

அப்புறம், மகள் “இன்னும் ஒரு மாசம் இரும்மா” என்று பிடித்துவைத்தால் கணக்கு மாறும். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகு வித்தியாசம் நாலரை மணி நேரம்தான்.