மோட்டார்சைக்கிள் மாடல் பொம்மை போலத் தெரியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: 1/12 அளவில் ஒரு மோட்டார்சைக்கிள் மாடல் கிட்டை விளக்கத்தாளில் சொன்னபடியே செய்து முடித்தேன். ஒரு பாகமும் விடுபடவில்லை. ஆனாலும் பொம்மை போலத்தான் இருக்கிறது. மிக நுணுக்கமாகச் செய்பவர்கள் கூடுதலாக என்ன செய்கிறார்கள்?

கூடுதலாக ஒன்றும் பெரிதாகச் செய்வதில்லை, மெல்லியதாகச் செய்கிறார்கள். என் முதல் ஐந்தாறு வண்டிகளில் நானும் இன்னும் எதை ஒட்டலாம் என்றே தேடிக்கொண்டிருந்தேன். ஒட்ட ஒட்டப் பொம்மைத்தனம் கூடியது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1969இல் வந்த ஹோண்டா சிபி750 ஏறத்தாழ 2.16 மீட்டர் நீளம். 1/12இல் அது 18 செ.மீ. நிஜ வண்டியின் கிளட்ச் கேபிள் ஐந்தாறு மில்லிமீட்டர் பருமன் இருக்கும். மாடலில் அது அரை மி.மீ. ஆக வேண்டும். கிட்டோடு வரும் கருப்புக் குழாய் 1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் நிஜ வண்டியில் 12 மி.மீ., அதாவது சுண்டுவிரல் பருமனில் ஒரு கிளட்ச் கேபிள்! ஸ்போக் கம்பியும் அப்படித்தான். நிஜத்தில் 4 மி.மீ.க்கு மேல் போகாது, மாடலில் 0.3 மி.மீ. பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றி அவ்வளவு மெல்லியதாக எடுப்பது கடினம் என்பதால் 0.7, 0.8 என்று தருகிறார்கள். சக்கரம் முழுக்கப் பென்சில்களைச் செருகி வைத்தது போல ஆகிவிடுகிறது. பெயிண்ட்டையும் விட்டுவைக்க வேண்டாம். டேங்க் மேல் 0.1 மி.மீ. பூசினால், நிஜ வண்டியில் 1.2 மி.மீ. தடிமனுக்குப் பெயிண்ட் அப்பியதற்குச் சமம். விளிம்புகள் எல்லாம் மழுங்கிப் போவது இதனால்தான். பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாது, ஆனால் கண்ணுக்குத் தெரியும். ‘ஏதோ சரியில்லை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஆகவே முதலில் வாங்க வேண்டிய கருவி, மில்லிமீட்டரின் சிறு பகுதியையும் அளக்கும் ஒரு வெர்னியர் காலிப்பர். பெயிண்ட் தூவும் ஏர்பிரஷ் எல்லாம் அதற்குப் பிறகு. எந்தப் பாகத்தையும் ஒட்டுமுன் அளந்து 12ஆல் பெருக்கிப் பாருங்கள். சிரிப்பு வருகிற பாகங்களை மட்டும் மாற்றினால் போதும்.

என் அனுபவத்தில் மாற்றியதற்கு அதிகப் பலன் தருவது கேபிள்கள்தான். அவற்றில் பருமனைவிட முக்கியமானது, ஒவ்வொன்றும் எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்பது. அந்த சிபி750ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். இடது கைப்பிடியிலிருந்து கிளட்ச் கேபிள் புறப்படுகிறது. வலது பக்கம் ஆக்சிலரேட்டர் கேபிளும், முன் டிஸ்க் பிரேக்குக்கான ரப்பர் ஹோஸும். ஸ்பீடோமீட்டர் கேபிள் முன்சக்கரத்தின் நடுக் குடத்திலிருந்து (ஹப்) மேலே ஏறி வருகிறது. எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரின் கேபிள் எஞ்சின் தலையிலிருந்து வருகிறது. இரண்டு பக்க ஸ்விட்சுகளின் மின்கம்பிகளும் ஹெட்லைட் கிண்ணத்துக்குள் போய் நுழைகின்றன. விளக்கத்தாள் இவற்றில் பாதியைக் காட்டும், மீதியை உங்களிடம் விட்டுவிடும். நான் அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலையும், யாரும் கைவைக்காத பழைய வண்டிகளின் புகைப்படங்களையும் பார்த்துத்தான் வரைந்துகொள்வேன். பளபளவென்று புதுப்பித்த வண்டிகளின் படங்களை நம்ப வேண்டாம். புதுப்பித்தவர் கேபிளைத் தமக்குத் தோன்றிய வழியில் விட்டிருக்கலாம்.

இதில் நான் ஒருமுறை நன்றாகப் பட்டிருக்கிறேன். ஹேண்டில்பாரை நேராக வைத்தபடியே எல்லாக் கேபிள்களையும் அளந்து, வெட்டி, ஒட்டி முடித்தேன். அவ்வளவு அழகாகப் படிந்து நின்றன. மறுநாள் சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தி, இயல்பாக இருக்கட்டுமே என்று ஹேண்டில்பாரை இடது பக்கம் லேசாகத் திருப்பினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். ஒரு கேபிள் விறைத்து, தன்னோடு பிரேக் லீவரையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. லீவரின் அடியில் இருந்த, கடுகில் பாதி அளவுள்ள திருகுத்தலை எங்கே தெறித்ததென்று இரண்டு மணி நேரம் தரையில் டார்ச் அடித்துத் தேடினேன். கடைசியில் அது என் சட்டைக் கையின் மடிப்புக்குள் இருந்தது. நிஜ வண்டியில் கேபிள்கள் ஏன் ஹெட்லைட்டுக்கு முன்னால் அப்படித் தொளதொளவென்று வளைந்து நிற்கின்றன என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இப்போதெல்லாம் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துத்தான் வெட்டுகிறேன். மாடலுக்கு உயிர் கொடுப்பதும் அந்தத் தொளதொளப்புதான்.

கேபிளுக்கு நான் பயன்படுத்துவது மெல்லிய சால்டரிங் ஈயக்கம்பி. வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும். செப்புக்கம்பி கொஞ்சம் துள்ளும். வளைத்த பிறகு பெயிண்ட் அடியுங்கள். முன்னாலேயே அடித்தால் வளைவில் வெடித்து உரியும். முனையில் வரும் உலோக மூட்டுகளுக்கு ஊசி மருந்து ஏற்றும் சிரிஞ்சின் ஊசியைத் துண்டு துண்டாக அறுத்து மாட்டலாம். அதன் உள்துளைக்குள் கம்பி கச்சிதமாகப் போய் உட்காரும்போது கிடைக்கும் திருப்தி தனி.

ஸ்போக் கம்பிகளை மாற்றுவது வேறு ரகம். ஒரு சக்கரத்துக்கு 36 அல்லது 40 கம்பி. குடத்திலும் விளிம்பிலும் அத்தனை துளைகளை 0.3 மி.மீ. டிரில்லால் கையாலேயே திருகிப் போட வேண்டும். அந்த டிரில் முறைத்துப் பார்த்தாலே ஒடியும். உள்வரிசைக் கம்பிகளை முதலில் கோத்து, அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும்படி வெளிவரிசையைக் கோக்க வேண்டும். ஒரு சக்கரத்துக்கு எனக்குப் பதினொரு மாலைப்பொழுதுகள் ஆயின. முடிவு கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் முதல் வண்டியில் இதில் இறங்காதீர்கள்.

செயினுக்கும் அதே எச்சரிக்கை. பெரிய வண்டிகளின் செயினில் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் 15.875 மி.மீ. இடைவெளி, 1/12இல் 1.3 மி.மீ. சொச்சம். அப்படி நூறு கண்ணிகளைத் தனித்தனியாகக் கோப்பவர்கள் இருக்கிறார்கள், கும்பிடலாம். பாதி செயின் கவருக்குள் மறைந்துவிடும் என்பதால் 1/12இல் நான் அதைத் தொடுவதில்லை. ஜப்பானிய மாடல் கிட் நிறுவனமான தமியாவின் 1/6 வரிசை போன்ற பெரிய மாடலில் வண்டியே ஓரடிக்கு மேல் நீளம் வரும், அங்கே செய்யலாம்.

வண்ணத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். எஞ்சின் முழுவதும் ஒரே வெள்ளி நிறமாக இருக்கக் கூடாது. வார்ப்பு அலுமினியம் மங்கல், பாலிஷ் போட்ட பக்கமூடி பளபளப்பு, துத்தநாகம் பூசிய போல்ட்டுகளில் லேசான மஞ்சள் அல்லது நீலச்சாயல். மூன்று நான்கு உலோக நிறங்களாவது வேண்டும். குரோம் முலாம் பூசி வரும் சைலன்சர்களில் ஒட்டுக்கோடு தெரிந்தால், வீட்டு பிளீச்சில் ஊறவைத்து முலாமை நீக்கி, கோட்டைத் தேய்த்து, பளபளப்பான கருப்பு அடித்து, அதன்மேல் குரோம் பெயிண்ட்டை மெல்லியதாகத் தூவுங்கள். முலாமை வைத்துக்கொள்வதானால் ஒட்டும் இடத்தில் மட்டும் சுரண்டிவிட வேண்டும். முலாமின் மேல் பசை பிடிக்காது.

சைலன்சர் குழாயில் சூட்டால் வரும் நீலத்தைப் பலர் தலைகீழாக அடிக்கிறார்கள். எஃகில் குறைந்த சூட்டில் வைக்கோல் மஞ்சள், அதற்கு மேல் பழுப்பும் ஊதாவும், இன்னும் சூடேறினால் நீலம். எனவே நீலம் எஞ்சினுக்கு அருகில், மஞ்சள் தள்ளி. அதையும் ஒரு மூச்சுக்காற்று அளவுக்குத்தான்.

டயரின் நடுவே ஓடும் அச்சுக்கோட்டை உப்புத்தாளால் தேய்த்தெடுங்கள். அப்போதே ஓடிய டயர் போல ஆகிவிடும். இரண்டு கூறுகளைக் கலந்து அடிக்கும், பளபளப்பூட்டும் கிளியர் கோட்டைப் பயன்படுத்துவதானால், அதிலுள்ள ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருளுக்கு உகந்த முகமூடி இல்லாமல் அடிக்கவே வேண்டாம். இதை மட்டும் மிரட்டலாகவே சொல்கிறேன்.

நீங்கள் முடித்துவைத்திருக்கும் வண்டியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. டேங்க்கைப் பசை போட்டு ஒட்டாமல் வெறுமனே பொருத்தியிருந்தால் கழற்றுங்கள், பழைய கேபிள்களை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு அரை மி.மீ. கம்பியில் புதிதாக விடுங்கள். இரண்டு நாள் வேலை. வெட்டுமுன் ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள், சட்டைக் கையையும் மடித்துவிடாதீர்கள்.