பஞ்சரானாலும் ஓடும் டயர் குடும்ப வேனுக்குச் சரிப்படுமா? கேள்வி பதில்

டொராண்டோ பக்கம் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறேன். மினிவேன் வைத்திருக்கும் நம் ஆட்கள் என்னிடம் அதிகம் கேட்பது ரன்ஃப்ளாட், அதாவது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர் பற்றித்தான். இந்த முறை கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ஸ்கார்பரோ): அண்ணா, பழைய சியன்னா ஏடபிள்யூடி ஒன்று வாங்கினேன். ஸ்டெப்னியைத் தேடித் தேடிப் பார்த்தேன், எங்குமே இல்லை. விற்றவர் எடுத்துவிட்டாரா?

இல்லை தம்பி, அந்த வண்டிக்கு ஸ்டெப்னி கொடுக்கவே இல்லை. 2004 மாடலில் டொயோட்டா சியன்னாவுக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் ஏடபிள்யூடி வந்தபோது, பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் தண்டும் அதன் சேர்மானங்களும் ஸ்டெப்னிக்கான இடத்தைப் பிடித்துக்கொண்டன. அதற்கு ஈடாகத்தான் ரன்ஃப்ளாட் டயர் போட்டுக் கொடுத்தார்கள்.

ஆனால் நீங்கள் உடனே பார்க்க வேண்டியது வேறு. இப்போது வண்டியில் இருப்பது ரன்ஃப்ளாட்தானா? முன்பு வைத்திருந்தவர் செலவைக் குறைக்கச் சாதா டயர் போட்டிருந்தால், உங்களிடம் ரன்ஃப்ளாட்டும் இல்லை, ஸ்டெப்னியும் இல்லை. டயரின் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். பிரிட்ஜ்ஸ்டோன் என்றால் ஆர்எஃப்டி, டன்லப் என்றால் டிஎஸ்எஸ்டி, மிஷ்லின் என்றால் இசட்பி, கான்டினென்டல் என்றால் எஸ்எஸ்ஆர் என்று அச்சாகியிருக்கும். நான்கையும் பாருங்கள். இரண்டு ரன்ஃப்ளாட், இரண்டு சாதா என்று வரும் வண்டிகளும் உண்டு.

அப்படியே டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களையும் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்த டயர். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைத்தான் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி (மிசிசாகா): காற்று முழுவதும் போன பிறகும் ஓடும் என்கிறார்கள். உண்மையில் எவ்வளவு தூரம்? பிட்ஸ்பர்க் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகிறோம், அதனால் கேட்கிறேன்.

ரன்ஃப்ளாட்டின் பக்கவாட்டுச் சுவர் தடித்த ரப்பரால் ஆனது. காற்று போனதும் வண்டியின் எடையை அந்தச் சுவரே தாங்குகிறது. தாங்கினாலும் ஒவ்வொரு சுற்றிலும் அது மடங்கி நிமிர்வதால் சூடேறிக்கொண்டே போகும். அந்தச் சூடுதான் அதற்கு எமன். அதனால்தான் வேகத்துக்கும் தூரத்துக்கும் எல்லை வைத்திருக்கிறார்கள். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாமல் 80 கி.மீ. தூரம். உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எடை கூடினால் தூரம் குறையும். சில பிஎம்டபிள்யூ கையேடுகளில் இதைத் தெளிவாகவே போட்டிருந்தார்கள்: சுமை குறைவு என்றால் சுமார் 250 கி.மீ., நடுத்தரம் என்றால் 150, முழுச் சுமை என்றால் வெறும் 50. அது கார். மூன்று வரிசையும் நிறைந்து, பின்னால் பெட்டிகளும் ஏற்றிய வேனுக்கு எந்தக் கணக்கு பொருந்தும் என்று நீங்களே யோசியுங்கள்.

பிட்ஸ்பர்க் பாதையில் பஃபலோவும் ஈரியும் வருகின்றன. 80 கி.மீ.க்குள் ஏதோ ஒரு ஊரைப் பிடித்துவிடலாம். தரிசனம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பும்போது பஞ்சரானால்தான் சிக்கல். ஊர் இருக்கும், திறந்த டயர் கடை இருக்காது. கடை திறந்திருந்தாலும் உங்கள் அளவில் ரன்ஃப்ளாட் கையிருப்பில் இருப்பது அரிது. ஓர் இரவு தங்க நேரலாம் என்று மனதில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி (பிராம்ப்டன், மார்க்கம், மிச்சிகன் என்று பல இடங்களிலிருந்து): ரன்ஃப்ளாட் கரடுமுரடாக ஓடுகிறது, சீக்கிரம் தேய்கிறது, விலையும் அதிகம். கழற்றிவிட்டுச் சாதா டயர் போடலாமா?

முதலில், உங்கள் புகார் நியாயமானது. தடித்த சுவர் வளைந்து கொடுக்காது. சாலைக் குழியில் விழும் அதிர்ச்சி நேராக உள்ளே வரும், மூன்றாம் வரிசையில் உட்காரும் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாகவே தெரியும். புது வண்டியோடு வந்த டயர் 25,000 மைலுக்குள்ளேயே மொட்டையாகிவிட்டது என்று சொன்ன சியன்னாக்காரர்கள் ஏராளம். டயரின் எடையும் கூடுதல். சுவர் விறைப்பாக இருப்பதால் ரிம்மில் ஏற்றுவதற்குத் துணைக் கை உள்ள இயந்திரம் வேண்டும். சின்னக் கடைகள் கையை விரிப்பது அதனால்தான்.

சரி, அப்படியானால் மாற்றிவிடலாமா? பலர் மாற்றுகிறார்கள். நான்கையும் ஒரே மாதிரி, கதவு ஓரத்து ஸ்டிக்கரில் சொன்ன அளவிலும் சுமை எண்ணிலும் போட்டால் வண்டி ஒழுங்காகவே ஓடும், சத்தமும் குறையும். ஆனால் முடிவெடுக்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, யார் ஓட்டுகிறார்கள், எங்கே ஓட்டுகிறார்கள். 401 நெடுஞ்சாலையின் ஓரத்தில், லாரிகள் பாய்ந்து போகும் இடத்தில், பின்னால் குழந்தை இருக்கைகளோடு நின்று சக்கரம் மாற்றுவதைப் போல ஆபத்தான காரியம் குறைவு. அங்கே ரன்ஃப்ளாட் உங்களை அடுத்த வெளிவழி வரை கொண்டுபோய், வெளிச்சமான ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்த வைக்கும். இதற்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கிறேன். நகரமும் புறநகரும் மட்டுமே ஓடும் குடும்பத்துக்கு, முக்கியமாகத் தனியாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு, ரன்ஃப்ளாட்டையே தொடரச் சொல்வேன்.

நீண்ட பயணக்காரர்களுக்கு என் பதில் நேர் எதிர். கோடையில் மேற்கே போகிறவர்கள் சூப்பீரியர் ஏரிக்கு வடக்கே போகும் பாதையை நினைத்துப் பாருங்கள். சூ செயின்ட் மேரியிலிருந்து வாவா சுமார் 225 கி.மீ. நடுவே பஞ்சரானால் 80 கி.மீ. உங்களை எங்கும் கொண்டு சேர்க்காது. வாவா வரை எப்படியோ உருட்டினாலும் டயர் வேறு ஊரிலிருந்து வர வேண்டும். அந்த இடத்தில் சாதா டயரும் கையில் ஒரு ஸ்டெப்னியும்தான் உங்களைக் காப்பாற்றும்.

இரண்டு, மாற்றினால் கூடவே வாங்க வேண்டியவை. உங்கள் வண்டிக்குப் பொருந்தும் சின்ன ஸ்டெப்னிச் சக்கரம், ஜாக்கி, நட்டு கழற்றும் ஸ்பேனர். மூன்றாம் வரிசைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் வைக்கலாம், ஆனால் அந்த இருக்கையைப் பிறகு தரைக்குள் மடிக்க முடியாது. சக்கரத்தை வாரால் இறுகக் கட்டுங்கள். கட்டாத சக்கரம் விபத்தில் பறந்து பிள்ளைகள் தலைமேல் விழும். இடமே இல்லை என்றால் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசரும், பஞ்சர் ஒட்டும் கிட்டும், சாலை உதவிச் சந்தாவும் கட்டாயம் இருக்கட்டும்.

முன்னால் ரன்ஃப்ளாட், பின்னால் சாதா என்று மட்டும் கலந்து போடாதீர்கள். சுவர்களின் விறைப்பு வேறுபட்டால் வளைவுகளில் வண்டி நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): சின்ன ஆணிதான் சார். கடையில் ஒட்ட மாட்டோம், புதிது வாங்குங்கள் என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் கழற்றிப் பார்க்காமலே மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். காற்று குறைந்த நிலையில் எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்பதுதான் இங்கே கேள்வி. காற்றுக் குறைவைக் காட்டும் விளக்கு எரிந்தவுடன் நிறுத்தியிருந்து, ஓட்டை தரையில் படும் பகுதியில் 6 மி.மீ.க்குள் இருந்தால், சில டயர் கம்பெனிகள் உள்ளிருந்து ஒட்டு போட அனுமதிக்கின்றன. ஓட்டியிருந்தால் டயரைக் கழற்றியதும் தெரிந்துவிடும். உள்ளே கறுப்பு ரப்பர்த் தூள் கொட்டிக் கிடக்கும், சுவரின் உள்பக்கம் சுற்றிலும் மடிப்புக் கோடு விழுந்திருக்கும். அந்த டயரை நானும் ஒட்ட மாட்டேன். வெளியே புதிது மாதிரி இருந்தாலும் சுவர் உள்ளுக்குள் வெந்துபோயிருக்கும்.

வெளியிலிருந்து ரப்பர் திரியைச் செருகி அனுப்பும் ஒட்டு தற்காலிகம்தான். உள்ளிருந்து போடும் காளான் வடிவ ஒட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (அதே நண்பர்): ஒரே ஒரு டயர் மட்டும் புதிதாகப் போட்டால் ஏடபிள்யூடி கெட்டுப்போகுமா?

தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு, அதனால் அது வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தை வண்டி சறுக்கலாக எடுத்துக்கொண்டு பின்சக்கரங்களுக்கு விசை அனுப்பும் இணைப்பை ஓயாமல் வேலை வாங்கும். மற்ற மூன்று டயர்களின் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழம் என்று அளந்து பாருங்கள். புதியதற்கும் அவற்றுக்கும் ஒரு அங்குலத்தில் 32-இல் 2 பங்கு, மிஞ்சினால் 3 பங்கு வரை வித்தியாசம் இருந்தால் ஒன்று மட்டும் போடலாம். அதற்கு மேல் என்றால் நான்கும் மாற்ற வேண்டிவரும். இல்லையேல் புது டயரைச் சீவி மற்றவற்றின் அளவுக்குக் கொண்டுவரும் கடைகள் அமெரிக்காவில் இருக்கின்றன, விசாரியுங்கள்.

கேள்வி (மொன்றியல்): குளிர்கால டயரிலும் ரன்ஃப்ளாட் வேண்டுமா?

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். வேன் அளவுகளில் குளிர்கால ரன்ஃப்ளாட் கிடைப்பது கடினம், கிடைத்தால் விலை அதிகம். பனியில் பிடிமானம்தான் முதலில். நல்ல சாதா குளிர்கால டயர் போட்டு, கம்ப்ரசரும் சாலை உதவியும் வைத்துக்கொள்ளுங்கள். டயரை ஒட்டவைக்கும் திரவப் புட்டி உறைகுளிருக்குத் தாங்குமா என்று அதன் மேல் எழுதியிருக்கும், படித்து வாங்குங்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): பழைய ஒடிஸி டூரிங் மலிவாகக் கிடைக்கிறது. "பாக்ஸ்" டயர் என்கிறார்கள், எந்தக் கடையும் தொட மறுக்கிறது.

அது மிஷ்லினின் பாக்ஸ் முறை. ஹோண்டா 2005 ஒடிஸி டூரிங்கில் போட்டது. சுவரைத் தடிப்பாக்குவதற்குப் பதிலாக, டயருக்குள்ளே ரிம்மைச் சுற்றி ஒரு தாங்கு வளையம் வைத்தார்கள். காற்று போனால் வண்டி அந்த வளையத்தின் மேல் உட்கார்ந்து ஓடும், 80 கி.மீ. வேகத்தில் 200 கி.மீ. வரை. யோசனை அருமையானது, ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டமிலும் புகாட்டி வேய்ரானிலும்கூட அதுதான் இருந்தது.

குடும்ப வேனில் அது நிலைக்கவில்லை. அதன் ரிம் 460 மி.மீ., வழக்கமான அங்குல அளவில் வராது, அதனால் வேறு எந்த டயரும் அதில் ஏறாது. கழற்றி மாட்டத் தனி இயந்திரமும் பயிற்சியும் வேண்டும், எல்லா ஹோண்டா கடைகளிலும் அவை இல்லை. உரிமையாளர்கள் வழக்குப் போடும் அளவுக்குப் போனது. 2007 முடிவில் மிஷ்லின் அதை மேற்கொண்டு வளர்க்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டது.

வண்டி நன்றாக இருந்தால் வாங்கலாம், ஆனால் ரிம்மோடு சேர்த்து நான்கு சக்கரங்களையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். புது ரிம் பிரேக்கில் இடிக்காமல் உட்காருகிறதா என்று மாட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி (டல்லாஸ்): எங்கள் கிரைஸ்லர் பசிஃபிகாவில் இருப்பது ரன்ஃப்ளாட்டா?

அநேகமாக இல்லை. 2017 மாடலிலிருந்து பல பசிஃபிகாக்களில் வருவது தானே அடைத்துக்கொள்ளும் டயர். உள்பக்கம் பூசிய பிசின், தரைப் பகுதியில் ஆணி குத்தினால் அந்த ஓட்டையைச் சுற்றி மூடிக்கொள்ளும். பக்கச் சுவர் கிழிந்தால் அது உதவாது, காற்று போனால் ஓடவும் ஓடாது. ஆனால் சவாரி மென்மை. நான் அதிகம் பார்ப்பது ஆணிப் பஞ்சர்தான், அதற்கு இது நல்ல தீர்வு.

கேள்வி (மதுரை): 2017 இன்னோவா கிரிஸ்டா வைத்திருக்கிறேன் சார். குடும்பத்தோடு இரவுப் பயணம் அதிகம். ரன்ஃப்ளாட் போடட்டுமா? வண்டியில் காற்றழுத்தம் காட்டும் சென்சார் கிடையாது.

வேண்டாம் சார். சென்சார் இல்லாத வண்டிக்கு ரன்ஃப்ளாட் போடவே கூடாது. காற்று போனாலும் அது தட்டையாகத் தெரியாது, உங்களுக்குத் தெரியாமலே 100 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். சுவர் வெந்து வெடிக்கும்போதுதான் தெரியவரும்.

உங்களிடம் ஸ்டெப்னி இருக்கிறது, நான்கு வழிச்சாலை நெடுக பஞ்சர் கடை இருக்கிறது. அந்த ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று மட்டும் பயணத்துக்கு முன் பாருங்கள். வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகி வைக்கும் சென்சார்கள் கடையில் கிடைக்கின்றன, இரவுப் பயணத்துக்கு அது நல்ல செலவு. அடுத்த வண்டி வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியதிலிருந்து, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தச் சென்சாரும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம். டிக்கியைத் திறந்து பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (ஏஜாக்ஸ்): அண்ணா, டயர் காற்றுக் குறைவைக் காட்டும் மஞ்சள் விளக்கு குளிர்நாளில் காலையில் எரிகிறது, மதியம் அணைந்துவிடுகிறது. அலட்சியப்படுத்தலாமா?

கூடாது தங்கச்சி. வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் இறங்கினால் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும், அதனால் முதல் குளிரில் பல வண்டிகளில் எரியும். அமெரிக்க விதிப்படி அழுத்தம் கால்வாசி குறைந்தால்தான் அது எரிந்தாக வேண்டும். அதாவது 36 இருக்க வேண்டிய இடத்தில் 27 வரை இறங்கியிருக்கலாம். காலையில் ஓட்டும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து, ஸ்டிக்கரில் சொன்ன அளவுக்கு நிரப்புங்கள். ஒரே டயர் திரும்பத் திரும்பக் குறைந்தால் அதில் ஆணி இருக்கலாம்.

வண்டியைக் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடம்போல மின்னிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால் அது காற்றுக் குறைவல்ல, சென்சாரில் கோளாறு. சென்சார் பேட்டரி தீர்ந்த பழைய வேன்களில் இது வரும். ரன்ஃப்ளாட் போட்ட வண்டியில் அதைச் சரிசெய்யும் வரை நெடுஞ்சாலைப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.