நூறு ஃப்ளை எதற்கு, பத்து போதும்

கேள்வி: கனடாவில் கம்லூப்ஸ் பக்கம் இருக்கும் மகன், ஜூனில் நாங்கள் வரும்போது ஏரியில் படகில் போய் ட்ரௌட் மீன் பிடிக்கலாம் என்கிறான். நூறு ஃப்ளை (இறகும் நூலும் கட்டி, பூச்சி போலவோ குட்டிமீன் போலவோ செய்த தூண்டில் முள்) அடங்கிய டப்பா ஆன்லைனில் 1,499 ரூபாய். வாங்கிப் போகலாமா? அதற்குள் ஏற்காடு ஏரியில் பழகிப் பார்க்கலாமா?
– வாசகர், அழகாபுரம், சேலம்

பதில்: அந்த டப்பா வேண்டாம் அய்யா. இப்படி மொத்தமாக விற்கும் டப்பாக்களில் பெரும்பாலும் இருப்பது தண்ணீர்மேல் மிதக்கிற குட்டி ஃப்ளைகள்தான். 12, 14, 16 சைஸ். எண் ஏற ஏற முள் சிறிதாகும். படகுக்குப் பின்னால் இழுத்துப்போக வேண்டியது தண்ணீருக்குள் அட்டை போலவோ குட்டிமீன் போலவோ நீந்துகிற ரகம். வூலி பகர் என்று கேளுங்கள். 6 முதல் 10 வரை சைஸ். கறுப்பு, பாசிப்பச்சை, அரக்கு நிறங்களில் பத்து வாங்கினால் தாராளம்.

வந்ததும் ஒன்றை எடுத்துத் தலைப்பக்கத்தை இரண்டு நகத்தால் பிடித்துத் திருகுங்கள். நூல்கட்டு சுழன்றால் பசை சரியாக வைக்கவில்லை. முள்ளின் முனையைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுங்கள், வழுக்கினால் முனை மொட்டை. நரம்பு கோர்க்கும் துளை பசையால் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக ஒரு டம்ளர் தண்ணீரில் நனைத்து மேலும் கீழும் ஆட்டுங்கள். வால் இறகு உயிருள்ளதுபோல் நெளிய வேண்டும். நான் முதலில் வாங்கியவற்றில் மூன்றுக்கு டம்ளரிலேயே வால் கழன்று மிதந்தது. அன்றிலிருந்து இந்தச் சோதனையை விட்டதில்லை.

மிச்சமாகும் பணத்தை, மூழ்கும் ஃப்ளை லைன் (ஃப்ளையை இழுக்கும் கனமான தூண்டில் கயிறு) வாங்க மகனிடம் கொடுங்கள். ஃப்ளை ஆழத்தில் ஓடுவதற்கு அதுதான் முக்கியம். அறுபதிலிருந்து நூறு அடி வரை பின்னால் விட்டு, நடைவேகத்துக்கும் குறைவாகத் துடுப்புப் போட வேண்டும். நேர்கோட்டில் போகாமல் வளைந்து வளைந்து போங்கள். அவ்வப்போது துடுப்பை நிறுத்தினால் ஃப்ளை கீழே இறங்கும், மறுபடி இழுக்கும்போது எழும்பும். பெரும்பாலும் மீன் கவ்வுவது அந்த நேரத்தில்தான். அங்கே மீன்பிடி உரிமம் கட்டாயம், போனதும் எடுத்துவிடுங்கள்.

ஏற்காட்டில் ட்ரௌட் கிடையாது. அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். நம் மாநிலத்தில் அது நீலகிரி மீன், அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து வளர்த்தார்கள். ஆனால் ஏற்காடு படகுத்துறையில் துடுப்புப் படகு எடுத்து, தூண்டில் இல்லாமல், மெதுவாக ஒரே சீராகத் தள்ளப் பழகுங்கள். பாதி வித்தை அதுதான்.

அப்புறம், ஆன்லைனில் வாங்கினால் விற்பவர் பெயர், முகவரி, தயாரித்த நாடு, திருப்பி எடுக்கும் நிபந்தனை எல்லாம் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். பழுதாக வந்து, மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்கள். விமானத்தில் முட்களைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வையுங்கள்.