பாமசி மாணவர்கள் கையெழுத்து வாங்கி, எம்பிக்குக் கடிதம் எழுதி என்ன பயன்? 2016இல் இங்கிலாந்தில் பாமசிகளுக்கான அரசு நிதி வெட்டு நின்றதா?

நிற்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நீங்கள் எழுதத்தான் வேண்டும்.

உங்கள் கேள்வியைப் பார்த்தால், இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ படிக்கிறீர்கள், சனிக்கிழமைகளில் எங்கோ ஒரு பாமசியில் வேலை செய்கிறீர்கள், யாரோ ஒரு மாதிரிக் கடிதத்தைத் தந்து பெயரைப் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். லண்டனில் மூன்றாம் வருடம்.

அரசின் கடிதம் வந்தது 2015 டிசம்பர் 17. அடுத்த நிதியாண்டில் இங்கிலாந்துப் பாமசிகளுக்கு அரசு கொடுக்கும் 2.8 பில்லியன் பவுணில் 170 மில்லியனை வெட்டப்போகிறோம் என்றார்கள். ஜனவரியில் அப்போதைய அமைச்சர் அலிஸ்டர் பேர்ட், 1000 முதல் 3000 பாமசிகள் வரை பூட்டுப்படலாம் என்றார். மொத்தம் இருந்ததே 11,700 அளவில்தான். அந்த எண்ணைக் கேட்டதும் எங்கள் வகுப்பே கலங்கிப்போனது. படித்து முடித்து வேலைக்குப் போக வேண்டிய இடங்கள் அவை. சொந்த வேலைக்காகத்தானே கத்துகிறீர்கள் என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்பார்கள். ஆம், அதுவும் ஒரு காரணம். மறைக்க எதுவும் இல்லை. ஆனால் அது மட்டும் இல்லை.

நான் நின்ற கடையில் இருமல் மருந்துத் தட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துத் தாள்களை வைத்திருந்தோம். நிறைய வந்தது, ஏனென்றால் அந்தப் பக்கம் எங்கள் சனம் அதிகம், நான் தமிழில் விளங்கப்படுத்துவேன். தாள் நிறைவதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. நாள் முடிவில் எண்ணிப் பார்ப்பேன்.

அங்கே கிழமைக்கு ஒருமுறையாவது வரும் ஒரு ஆச்சி இருந்தா. இதய வருத்தத்துக்கு வார்ஃபரின், அதாவது இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை, எடுப்பவ. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, குளிசையை நிறத்தால்தான் தெரியும். மண்ணிறம் ஒரு மில்லிகிராம், நீலம் மூன்று, இளஞ்சிவப்பு ஐந்து. ஆஸ்பத்திரியில் அளவு மாறினால் அளவு எழுதிய மஞ்சள் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டுவா, நாங்கள் எந்த நிறம் எத்தனை என்று சொல்லிக்கொடுப்போம். ஒருநாள் முழங்கால் வலிக்கு ஐபுப்ரோஃபன் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துவிட்டா. வார்ஃபரினோடு அதை எடுத்தால் உள்ளே இரத்தம் கசியும் ஆபத்து அதிகம். எங்கள் பாமசிஸ்ட் அதை வாங்கி வைத்துவிட்டு, பரசிட்டமோல் கொடுத்து, கால் மணிநேரம் இருத்திக் கதைத்தார். சூப்பர்மார்க்கெட் தட்டில் அதே பெட்டி இருந்திருந்தால் யாரும் தடுத்திருக்கமாட்டார்கள்.

விற்காமல் விட்ட அந்தப் பெட்டிக்கும், அந்தக் கால் மணிநேரத்துக்கும் எந்தக் கணக்கிலும் காசு வராது. அப்போது பெரும்பாலான பாமசிகளுக்கு வருடம் சுமார் 25,000 பவுண் அடிப்படைக் கொடுப்பனவாகக் கிடைத்தது. கடை திறந்திருப்பதற்கே சம்பளமா என்று அரசு அதைத்தான் முதலில் குறிவைத்துப் படிப்படியாக நிறுத்தியது. திறந்திருந்ததால்தானே ஆச்சி உள்ளே வந்தா? இதைச் சொன்னால் முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்குகிறாய் என்பார்கள். இல்லை. எனக்கு மணிக்கு எவ்வளவு தந்தார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்காகப் பேச எனக்கு ஒரு தேவையும் இல்லை.

தாளை நீட்டியபோது ஆச்சி கேட்டா: "பிள்ளை, இதிலை கையெழுத்து வைச்சால் கடையைப் பூட்டமாட்டினமோ?"

"ஓம் ஆச்சி, பூட்டமாட்டினம்" என்று சொல்லிவிட்டேன்.

நாடு முழுக்க 20 இலட்சத்துக்கு மேல் கையெழுத்துச் சேர்ந்தது. 2016 மே மாதம் பிரதமர் அலுவலகத்திலும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒக்டோபர் 20இல் புதிய அமைச்சர் டேவிட் மோவட் முடிவை அறிவித்தார். அந்த வருட வெட்டு 170 மில்லியனிலிருந்து 113 மில்லியனாகக் குறைந்தது, ஒக்டோபருக்குப் பதில் டிசம்பரில் தொடங்கும் என்றார்கள். எங்களில் சிலர் வெற்றி என்று குதித்தார்கள். ஆனால் அடுத்த வருடத்துக்கு 2.592 பில்லியன் என்று நிர்ணயித்தார்கள். 2.8இலிருந்து பார்த்தால் முதலில் சொன்னதைவிடக் கூட வெட்டு. வெட்டுக்கு எதிரான வழக்கிலும் 2017 மே மாதம் தோற்றோம். பிறகு 2019இல் வந்த ஐந்து வருட ஒப்பந்தத்திலும் வருடத்துக்கு அதே 2.592 பில்லியன்தான், விலைவாசி ஏற ஏற ஒரு பென்ஸ் கூடவில்லை. 2024இல் பாமசிகள் 10,500க்கும் கீழே போய்விட்டன. 2025இல்தான் 3 பில்லியனுக்கு மேல் உயர்த்தினார்கள்.

எங்கள் கடை 2018இல் பூட்டுப்பட்டது. வாடகையும் ஏறியிருந்தது, வெட்டு மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். அடுத்த பாமசி ஒரு மைலுக்கு மேல் தள்ளி இருந்தால்தான் அப்போது சிறப்புப் பாதுகாப்பு நிதி கிடைத்தது. எங்களுக்கு எட்டு நிமிட நடை. என் கால்களுக்கு எட்டு நிமிடம். ஆச்சியைப் பிறகு ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் கண்டேன். "நீலக் குளிசையை இனி ஆரிட்டைக் கேக்கிறது பிள்ளை?" என்றா. என்னைக் குறை சொல்லவில்லை. எனக்கு இன்றுவரை அது ஆறவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் கேட்காத விஷயம். இந்த நாட்டில் பாமசிக்காக யாரும் பெரிதாகக் கவலைப்படாததில் எங்கள் ஆட்களுக்கும் பங்கு உண்டு. கலியாண வீட்டில் என்ன படிக்கிறாய் என்பார்கள், பாமசி என்றால் முகத்தைப் பார்த்து, "மெடிசின் கிடைக்கேல்லையோ?" நான் மெடிசினுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. நான்கு வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி, அதற்குப் பிறகு ஒரு பரீட்சை. அதே மாமாதான் அடுத்த கிழமை தன் பிரஷர் குளிசைக்கும் சீனிக் குளிசைக்கும் எனக்குப் போன் எடுத்துக் கேட்பார். கேட்கட்டும், சொல்லுவேன். ஆனால் அந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்பதை நிறுத்துங்கள்.

சரி, உங்கள் கடிதம். மாதிரிக் கடிதத்தை அப்படியே அனுப்பாதீர்கள். நாங்கள் அனுப்பிய கடிதங்களுக்கு எங்கள் எம்பியிடமிருந்து எல்லோருக்கும் ஒரே பதில்தான் வந்தது, 40 சதவீதப் பாமசிகள் பத்து நிமிட நடைக்குள் மூன்றோ அதற்கு மேலோ கூட்டமாக இருக்கின்றன என்று. நீங்கள் கண்ட ஒரு நோயாளியை எழுதுங்கள், பெயரும் அடையாளமும் இல்லாமல். எந்த மருந்து, யார் தடுத்தது, அதற்கு எவ்வளவு நேரம் போனது, அதற்கு யார் காசு கொடுத்தது. உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போடுங்கள், தொகுதிக்காரர் இல்லை என்றால் எம்பி பதில் சொல்லமாட்டார். மாணவர்கள் வீட்டு முகவரியிலும் படிக்கும் இடத்திலும் வாக்காளராகப் பதியலாம், பதிந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பதில் வராவிட்டால் அவர் தொகுதி மக்களைச் சந்திக்கும் நாளில் நேரில் போங்கள்.

அப்புறம், கையெழுத்து வாங்கும்போது யாராவது ஆச்சி உங்களிடமும் அதே கேள்வியைக் கேட்பா. "தெரியாது ஆச்சி, கேட்டுப் பார்க்கிறோம்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னாலும் அவ கையெழுத்து வைப்பா.