8 வயது ஹஸ்கியை வீட்டுக்கு அழைத்து வரலாமா?

கேள்வி: தாம்பரத்தில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். பக்கத்திலுள்ள விலங்குகள் காப்பகத்தில் 8 வயது ஆண் ஹஸ்கி நாய் ஒன்று இருக்கிறது. வளர்த்தவர்கள் வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். இரண்டு கண்களிலும் லேசாக நீலம் பூத்தாற்போல் தெரிகிறது. இந்த வயதில் எங்களிடம் ஒட்டுமா? வெயிலுக்கு முடியை மழித்துவிடலாமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: கட்டாயம் ஒட்டும். பனிநாட்டு இனமான ஹஸ்கி 12 முதல் 14 ஆண்டுகள் வாழும். புது ஆட்களிடம் சட்டென்று பழகும். அதன் வயதைவிட உங்கள் வீட்டின் சூடுதான் எங்களுக்குக் கவலை. மார்ச்சிலிருந்து ஜூன் வரை பகல் முழுக்க ஓர் அறையில் ஏசி ஓட வேண்டும். அந்தக் கரண்ட் பில் கட்டுப்படியாகாது என்றால் எடுக்காதீர்கள். சாதாரண இன்வெர்ட்டர் ஏசியை இழுக்காது. கரண்ட் போகும் நேரத்துக்கு ஃபேனும் வாளித் தண்ணீரும் தயாராக இருக்கட்டும். ஈரத்துண்டை முதுகில் போர்த்திவிடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். வயிறு, தொடையிடுக்கு, பாதங்களை நனைத்துக் காற்றில் படுக்க விடுங்கள். நாயின் இயல்பான உடல்சூடு 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். மூச்சிரைப்பு நிற்காமல், எச்சில் பிசுபிசுத்து, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள்.

மழிக்கவே கூடாது. ஹஸ்கிக்கு மேல்முடி, உள்முடி என இரண்டு அடுக்கு. மேல்முடி வெயில் தோலில் படாமல் காக்கிறது. மழித்தால் சிலவற்றுக்குப் பழையபடி வளர்வதே இல்லை. உதிரவேண்டிய உள்முடி அடைத்துக்கொண்டு காற்றுப் புகாமல் போவதுதான் தொல்லை. வாரம் மூன்று முறை உள்முடி சீப்பால் வாருங்கள். குளிப்பாட்டினால் முடியை விரலால் பிரித்து, தோல் தெரியும்வரை குளிர்காற்றில் உலர்த்துங்கள். மேலே காய்ந்ததுபோல் இருந்தாலும் அடியில் ஈரம் நிற்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அங்கேதான் புண் வருகிறது.

கண்ணுக்கு வருவோம். 7, 8 வயதுக்குமேல் விழிலென்ஸ் இறுகி நீலப்புகை படர்வது இயல்பு. பார்வை பெரிதாகக் குறையாது. ஆனால் ஹஸ்கிக்குக் கண்புரையும் கண் அழுத்தநோயும் வரக்கூடியவை. ஒரு பஞ்சுருண்டையை அதன் முகத்துக்கு முன்னால் சத்தமில்லாமல் கீழே விடுங்கள். தலை பஞ்சோடு இறங்கினால் பார்வை இருக்கிறது. பார்க்காமல் நின்றாலோ, கண் சிவந்து கண்ணைச் சுருக்கினாலோ, கண் அழுத்தம் அளக்கச் சொல்லுங்கள். அழுத்தநோய் தாங்க முடியாத வலி. நாள் கடத்தினால் பார்வை திரும்பாது.

காப்பகத்திலேயே அதை மெல்ல ஓடவிட்டுப் பாருங்கள். பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல்போல் எம்பினால் இடுப்பு மூட்டில் வலி இருக்கலாம். தினமும் இரண்டு மாடி இறங்கி ஏறுவது அதற்குத் தண்டனை. வீட்டு டைல்ஸ் தரையிலும் வழுக்கும், ரப்பர் பாய் விரியுங்கள். கையெழுத்துப் போடுமுன் ரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, உண்ணிக்காய்ச்சல் பரிசோதனைகளை முடித்துவிடுங்கள். காப்பகத்து நாய்களிடம் உண்ணிக்காய்ச்சல் வெளியே தெரியாமல் பதுங்கியிருப்பதுண்டு. கண்ணையும் வாயையும் சுற்றிப் பொருக்கு கட்டியிருந்தால் துத்தநாகக் குறைவா என்று கேளுங்கள். இந்த இனத்தில் அது அடிக்கடி வரும்.

முதல் மூன்று நாள் சாப்பிடாமல் மூலையில் கிடக்கலாம். சீண்டாதீர்கள், விருந்தாளிகளையும் கூப்பிடாதீர்கள். காப்பகத்தில் தின்ற உணவையே கொடுத்து, 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். சட்டென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு. வெங்காயம் போட்ட சாம்பார் சாதமும் உலர்திராட்சை போட்ட கேசரியும் நாய்க்கு விஷம். உண்மைக் குணம் வெளிவர மூன்று மாதம்கூட ஆகும்.

அதுவரை மட்டுமல்ல, எப்போதுமே லீஷ் இல்லாமல் வெளியே விடாதீர்கள். பனியில் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு ஓடுவதற்கென்றே வளர்த்த இனம் இது. பூனை குறுக்கே போனால் நீங்கள் கூப்பிடுவது காதில் ஏறாது. கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிடும் என்பதால் நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னெஸும் சேர்த்து மாட்டி, காலை 5 மணிக்கும் இரவு தரை ஆறியபின்னும் நடத்துங்கள். புறங்கையைத் தார்ரோட்டில் 7 விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் வெந்துபோகும். பால்கனி கம்பிகளுக்கு வலை அடித்துவிடுங்கள். கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: ஹஸ்கி குரைப்பது குறைவு, தனியாக விட்டால் நீட்டி ஊளையிடும். முதல் வாரம் 5 நிமிடம், 10 நிமிடம் என்று தனிமையைப் பழக்குங்கள்.