பழைய காசை வெளிநாட்டுக்கு வித்தா கஸ்டம்ஸ் வரியை யார் கட்டணும்?

கேள்வி: அண்ணா வணக்கம். எங்க தாத்தா ஒரு தகர டப்பால சேத்து வச்ச காசெல்லாம் இப்ப என்கிட்ட இருக்கு. வெள்ளி ரூபா 20, அதுல 5 தாடி வச்ச ஜார்ஜ் ராஜா படம் போட்ட 1913, 1918 காசு, மீதி 15-ம் 1944, 1945. கூடவே ஒரு கைப்பிடி ஓட்டைக் காலணா. ஆன்லைன்ல போட்டேன், லண்டன்ல ஒருத்தர் மொத்தத்துக்கும் 240 பவுண்ட் தர்றேங்கிறார். ஆனா பார்சல்ல கிஃப்ட்னு எழுதி 20 பவுண்ட்னு போடுங்க, இல்லனா கஸ்டம்ஸ்காரன் தீட்டிடுவான்னு சொல்றார். அந்த வரியை நான் கட்டணுமா, அவரா?

பதில்: தம்பி, வரி அவரோடது. ஆனா அதுக்கு முன்னாடி அந்த தாடி ராஜா காசு அஞ்சையும் தனியா எடுத்து வச்சிடுங்க, அது இந்தியாவை விட்டு போகவே கூடாது. 1972-ல வந்த தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் ஆன காசு எதுவா இருந்தாலும் தொல்பொருள் தான், சோழர் காசுக்கு மட்டும்னு நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க, அப்படி இல்ல, சந்தையில சாதாரணமா கிடைக்கிற 1913 ரூபாவுக்கும் அதே சட்டம் தான். தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு அனுப்பினா 6 மாசத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம் வேற. காசைத் திருப்பி பூ வேலைப்பாடுக்கு நடுவுல போட்டிருக்கிற வருஷத்தைப் பாருங்க, அது தேய்ஞ்சு போய் தெரியலனா அந்த காசையும் அனுப்பாதீங்க. அஞ்சையும் இங்கேயே வித்துக்கலாம், நம்ம ஊர் காயின் கண்காட்சிகள்லயே ஆள் கிடைக்கும்.

1944, 45 ரூபாவும் ஓட்டைக் காலணாவும் பிரச்சனை இல்ல, ஓட்டைக் காலணா அடிச்சதே 1943-ல இருந்து 47 வரைக்கும் தான். ஆனாலும் கஸ்டம்ஸ்ல சந்தேகப்பட்டு நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு, அதனால இந்திய தொல்லியல் துறைகிட்ட இது தொல்பொருள் இல்லனு ஒரு சர்டிஃபிகேட் வாங்கி கூட வச்சிட்டா நிம்மதி. சென்னைனா அவங்க ஆபீஸ் கோட்டைக்குள்ள இருக்கு.

இப்ப வரிக்கு வருவோம். மீதி காசுக்கு 160 பவுண்ட்னு பேசி முடிச்சீங்கனு வைங்க. பிரிட்டன்ல 135 பவுண்டுக்கு மேல போனா வாட் வரியை பார்சல் கொண்டு வர்றவங்க வாங்குறவர்கிட்ட வசூல் பண்ணிடுவாங்க, ஹேண்ட்லிங் சார்ஜும் சேத்து. சேகரிப்பு காசுக்கு அங்க கஸ்டம்ஸ் டியூட்டி கிடையாது, வாட்டும் 5 சதவீதம் தான், அதாவது 8 பவுண்ட், தபால் செலவையும் மதிப்புல சேப்பாங்கங்கிறதால கொஞ்சம் கூடும். ஆனா நீங்க மொட்டையா மெட்டல் ஐட்டம்னு எழுதினா சாதா பொருள்னு 20 சதவீதம் போட்டுடுவாங்க, 32 பவுண்ட்! அதனால டிக்ளரேஷன்ல சேகரிப்புக்கான காசு, இந்தியா, 1944-45, எச்எஸ் கோட் (கஸ்டம்ஸ்ல பொருள் வகைக்கு போடுற நம்பர்) 9705, விலை 160 பவுண்ட்னு தெளிவா எழுதி பில் காப்பியும் உள்ள வைங்க. அந்த 24 பவுண்ட் வித்தியாசத்தை அவருக்கு எடுத்து சொன்னீங்கனாலே கிஃப்ட் பேச்சை விட்டுடுவார்.

கிஃப்ட்னு எழுதவே எழுதாதீங்க. காசு வாங்கிட்டு அனுப்புறது கிஃப்ட் இல்ல, பொய் டிக்ளரேஷன்ல கையெழுத்து போடுறது நீங்க, அவர் இல்ல. பார்சல் தொலைஞ்சா நீங்க எழுதின 20 பவுண்டுக்கு தான் இன்ஷூரன்ஸ் வரும். என் ஃப்ரெண்ட் ஒருத்தன் இப்படி குறைச்சு போட்டு அனுப்பி, ரெண்டு மாசம் கழிச்சு கிழிஞ்ச கவர் மட்டும் திரும்பி வந்துச்சு, உள்ள ஒரு காசு இல்ல, ஒண்ணும் கேக்க முடியல. சாதா கவர்ல காசு போட்டு அனுப்புறதுக்கு உலக தபால் விதியிலயே தடை இருக்கு, பல கூரியரும் காசை எடுக்க மாட்டாங்க, அதனால இன்ஷூர் பண்ணி அனுப்ப முடியுமானு கவுண்டர்ல கேட்டுட்டு அப்புறம் பேக் பண்ணுங்க.

நம்ம பக்கம் காசுக்கு ஏற்றுமதி வரி இல்ல. ஆனா இதையே தொழிலா பண்ணப் போறீங்கனா ஐஇசி நம்பர், அதாவது ஏற்றுமதி இறக்குமதி பண்றவங்களுக்கான நம்பர், எடுக்கணும், 500 ரூபா தான். நாளைக்கு அமெரிக்காக்காரர் கேட்டா இன்னொண்ணு பாத்துக்கோங்க, முன்னாடி 800 டாலர் வரைக்கும் வரி இல்லாம போயிட்டு இருந்துச்சு, 2025 ஆகஸ்ட் 29-ல இருந்து அந்த சலுகையை எடுத்துட்டாங்க, வரி யார் கட்டுறதுனு விலை பேசும்போதே எழுத்துல வாங்கிடுங்க.

கேள்வி: வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபா காசு எங்க அம்மாகிட்ட இருக்கு. வெளிநாட்டு பார்ட்டி 8 லட்சம் தருதாம், கஸ்டம்ஸ் கிளியரன்ஸ்க்கு முதல்ல 2,500 கட்டணும்னு ரிசர்வ் பேங்க் பேர்ல போன் வருது. கட்டலாமா?

பதில்: ஒரு ரூபா கூட கட்டாதீங்க. அந்த காசு 2012-ல வந்தது, இன்னும் கையில புழங்குற காசு. பழைய காசு விக்க வாங்க நாங்க கமிஷனும் வரியும் கேக்குறதே இல்ல, யாரையும் நியமிக்கவும் இல்லனு ரிசர்வ் பேங்க் 2021 ஆகஸ்ட்லயே அறிவிப்பு விட்டுடுச்சு. காசை இன்னும் அனுப்பவே இல்ல, எந்த கஸ்டம்ஸ் வரி கேக்கும்? அம்மா ஏற்கனவே கட்டியிருந்தா அவங்களைத் திட்டாம இப்பவே சைபர் மோசடி புகார் நம்பர் 1930-க்கு போன் போடுங்க, பணம் அடுத்த அக்கவுண்டுக்கு போறதுக்குள்ள சொன்னா தான் நிறுத்தி வைக்க முடியும்.