தூணுக்குப் பின்னால் ஓர் இடம்

லிவர்பூலில் நான் வேலை பார்த்த நாட்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, எவர்ட்டன் கால்பந்து அணியின் பழைய மைதானமான குடிசன் பார்க் பற்றி நாலு வரி சொல்லியிருந்தேன். இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

விக்டோரியா மகாராணி காலத்து மைதானம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் காலத்துக் கட்டடம் இன்னும் நிற்கிறதா?
– வாசகர், தஞ்சாவூர்

இல்லை. 1892-இல் எழுப்பிய ஸ்டாண்டுகளில், அதாவது பார்வையாளர் மாடங்களில், ஒன்றுகூட இன்று கிடையாது. அந்தக் காலத்திலிருந்து மிஞ்சியிருப்பது மனைதான். ஆனால் பின்னால் வந்த எல்லாவற்றையும் தீர்மானித்ததும் அந்த மனைதான்.

எவர்ட்டன் அதற்கு முன் ஆடியது ஆன்ஃபீல்டில். ஆமாம், இன்று லிவர்பூல் அணி ஆடுகிற அதே ஆன்ஃபீல்ட்தான். ஜான் ஹூல்டிங் என்ற மதுபான ஆலை முதலாளியோடு வாடகைத் தகராறு. 100 பவுண்டு 250 ஆனது. ஜார்ஜ் மஹோன் என்பவர் முன்னின்று கிளப்பையே கிளப்பிக்கொண்டு போனார். அவர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். ஸ்டான்லி பூங்காவுக்கு அந்தப் பக்கம் இடம் பார்த்தார்கள். டாக்டர் பாக்ஸ்டர் என்பவர் 1,000 பவுண்டை வட்டியில்லாமல் கடன் கொடுத்தார். ஆகஸ்ட் 24 திறப்பு விழாவில் கால்பந்து ஆட்டம் கிடையாது. தடகளப் போட்டி, இசை, வாணவேடிக்கை. ஒன்பது நாள் கழித்துத்தான் போல்டன் அணியோடு முதல் ஆட்டம். எவர்ட்டன் 4-2 என்று ஜெயித்தது. இரண்டே வருடத்தில், 1894-இல், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியே அங்கே நடந்தது.

சார், நான் சிவில் படிக்கிறேன். பார்வையை மறைக்கும் தூண்கள் அந்த ஸ்டாண்டுகளில் நிறைய உண்டு என்கிறார்கள். அது வடிவமைப்புக் குறைதானே?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

நானும் ஸ்ட்ரக்சுரல் ஆள்தான், கட்டட அமைப்புப் பொறியாளர். முதல் முறை போனபோது புல்லன்ஸ் ரோடு ஸ்டாண்டில் மர நாற்காலி ஒன்று கிடைத்தது. நேர் எதிரே ஒரு தூண்; கோல் போஸ்டில் பாதி அதற்குப் பின்னால். பந்து அந்தப் பக்கம் போனதும் பக்கத்தில் இருந்த பெரியவர் இடது பக்கம் சாய்ந்தார். அவரைப் பார்த்து நானும் சாய்ந்தேன். திரும்பிப் பார்த்தால் எங்கள் வரிசையே சாய்ந்திருந்தது! ஆனால் ஒன்று: எல்லைக்கோட்டில் பந்தை எறிய நின்ற ஆட்டக்காரர் சக வீரரைக் கூப்பிட்ட குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவ்வளவு பக்கம்.

அந்த நெருக்கத்துக்குக் கொடுத்த விலைதான் தூண். மனை சின்னது, சுற்றிலும் வரிசை வீடுகள். அகலமாகப் போக வழியில்லை, உயரமாகத்தான் போக வேண்டும். கீழ்த்தளத்தின் தலைக்கு மேலேயே மேல்தளத்தை முன்னால் கொண்டுவந்து தூண்களில் நிறுத்தினால், மேலே இருப்பவரும் புல்தரைக்கு அருகில் வந்துவிடுவார். தூணை எடுத்துவிட்டால் மேல்தளத்தையும் கூரையையும் பின்னாலிருந்தே நீட்டிப் பிடிக்க வேண்டும். நீட்டம் கூடக்கூட எஃகு கனக்கும், செலவு ஏறும். அதனால் மேல்தளத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். புது மைதானங்களில் மறைப்பு இல்லை, உண்மைதான். ஆனால் மேலே உட்கார்ந்தால் ஆட்டக்காரர்கள் எறும்பு மாதிரித் தெரிகிறார்கள். எனக்கு எது வேண்டும் என்று கேட்டால், தூணோடு சேர்த்துப் பழையதுதான் வேண்டும் என்பேன்.

இந்த ஸ்டாண்டுகளை வரைந்தவர் ஆர்ச்சிபால்ட் லீச், கிளாஸ்கோக்காரர். தொழிற்சாலைக் கட்டடங்களிலிருந்து வந்தவர். 1902-இல் அவர் வடிவமைத்த கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில், ரசிகர்கள் நின்று பார்க்கும் மரப் பகுதி உடைந்து 25 பேர் இறந்தார்கள். அந்தப் பாரத்தோடு ஒரு பொறியாளர் மறுபடி மேசையில் உட்கார்ந்து வரைந்தார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். குடிசனில் 1909-இல் பிரதான ஸ்டாண்டு, 1926-இல் புல்லன்ஸ் ரோடு, 1938-இல் கிளாடிஸ் தெருப் பக்கம். ஏற்கெனவே இருந்த நான்காவது பக்கத்தோடு சேர்த்து, நான்கு பக்கமும் இரட்டை அடுக்கு ஆனது. இங்கிலாந்தில் அப்படி அமைந்த முதல் மைதானம் அது. 1909 ஸ்டாண்டை 1971-இல் இடித்துவிட்டார்கள். மற்ற இரண்டிலும் மேல்மாடி முகப்பில், பெருக்கல் குறியை வரிசையாக எழுதியது போல எஃகுப் பட்டைகள் ஓடும். பூச்சு, சிற்பம் எதுவும் இல்லை, எஃகே அழகு. படம் கிடைத்தால் பார், தம்பி.

மைதானத்தின் மூலையில் தேவாலயம் இருக்கிறதாமே?
– வாசகி, நாகர்கோவில்

இருக்கிறது, அம்மா. புனித லூக்கா தேவாலயம். இரண்டு ஸ்டாண்டுகள் சேர வேண்டிய மூலையில் அது நிற்பதால், அங்கே ஸ்டாண்டு ஒதுங்கிப் போகிறது. ஆட்ட நாளில் அதன் கூடத்தில் சூடாக டீ கிடைக்கும்.

வசதிகள் எப்படி?
– வாசகர், சேலம்

இருக்கை வசதி என்றால் சுமார்தான். கால் நீட்ட இடமிருக்காது. ஆனால் புதுசாக எதையாவது செய்து பார்க்கும் துணிச்சல் அந்த இடத்துக்கு இருந்தது. பயிற்சியாளர்கள் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் உட்காரும் 'டக்அவுட்' இங்கிலாந்துக்கு வந்தது இங்கேதான், 1930-களில். ஸ்காட்லாந்தின் அபர்டீன் மைதானத்தில் பார்த்துவிட்டு வந்து செய்தது. அங்கே டொனால்டு கோல்மன் என்ற பயிற்சியாளர், ஆட்டக்காரர்களின் பாதங்களைக் கண்மட்டத்தில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பள்ளம் தோண்டியிருந்தார்.

1958-இல் புல்லுக்கு அடியில் மின்கம்பி பதித்தார்கள், குளிரில் தரை உறையாமலிருக்க. பனி உருகியது. ஆனால் உருகிய தண்ணீர் ஓட வடிகால் போதவில்லை! இரண்டு வருடத்தில் முழுவதையும் தோண்டி வடிகாலைச் சரிசெய்தார்கள். சூட்டைக் கணக்கிட்டவர்கள் நீரைக் கணக்கிட மறந்துவிட்டார்கள். வேலைக்குச் சேரும் இளம் பொறியாளர்களுக்கு இந்தக் கதையை நான் தவறாமல் சொல்வேன்.

மகள் லிவர்பூலில் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போகிறோம். மைதானத்தை இடித்துவிட்டார்களா?
– வாசகி, சென்னை

இடிக்கவில்லை, நல்ல காலம். ஆண்கள் அணி 2025 மே 18-இல் சவுத்தாம்டனோடு கடைசியாக ஆடி 2-0 என்று ஜெயித்துவிட்டு, பிராம்லி-மூர் துறைமுகத்துப் புது மைதானத்துக்குப் போய்விட்டது. குடிசன் இப்போது எவர்ட்டன் பெண்கள் அணிக்கு. 1920 டிசம்பர் 26 அன்று டிக் கெர் பெண்கள் அணி ஆடியபோது இதே மைதானத்தில் சுமார் 53,000 பேர் கூடினார்கள். அடுத்த வருடமே தன் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தடை போட்டது. அரை நூற்றாண்டு அந்தத் தடை இருந்தது.

மகளையும் கூட்டிக்கொண்டு ஓர் ஆட்டத்துக்குப் போய் வாருங்கள், அம்மா. கர்க்டேல் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போங்கள். செங்கல் வீடுகள் வரிசையாக வரும், தெரு முடியும் இடத்தில் திடீரென்று ஸ்டாண்டு நிற்கும்.